பின்வரிசை ஆட்டத்துக்குத் தனிப் பயிற்சி: தனி கோச்சா, சிறு குழுவா, வீடியோவா?

வாலிபாலில் லிபரோவாகவோ (பின்வரிசையில் மட்டும் ஆடும் தனி ஆட்டக்காரர்) பின்வரிசை ஆட்டக்காரராகவோ ஆடும் ஒருவர் டீம் பயிற்சிக்கு மேல் நேரமும் பணமும் போட நினைத்தால் அவர் முன்னால் பல வழிகள் இருக்கின்றன. தனக்கென்று ஒரு கோச் வைத்துக்கொள்ளலாம். மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு கோச்சைப் பகிர்ந்துகொள்ளலாம். டீம் பயிற்சியிலேயே கூடுதலாகக் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கலாம். ஆடிய ஆட்டத்தின் வீடியோவை விஷயம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து அலசச் சொல்லலாம். விடுமுறையில் முகாமுக்குப் போகலாம்.

பெரும்பாலோர் நேராக முதல் வழிக்குப் போகிறார்கள். காசு அதிகம், கவனிப்பு அதிகம், ஆகவே பலனும் அதிகம் என்ற கணக்கு. இந்தக் கணக்கு பாதிதான் சரி. தனி கோச் உங்கள் கையையும் காலையும் திருத்துவார். எதிராளியின் தோளைப் பார்த்துப் பந்து எங்கே வரும் என்று கணிக்கும் கண்ணை, அவர் ஒருவரே நின்று பந்து போட்டு வளர்த்துவிட முடியாது. ஆகவே உங்கள் பாயிண்டுகள் கையால் போகின்றனவா, காலால் போகின்றனவா, கண்ணால் போகின்றனவா என்பது தெரிந்த பிறகுதான் எந்த வழி என்ற கேள்விக்கே போக வேண்டும்.

முதலில் கணக்கெடுங்கள்

ஒரு ஆட்டத்தை உங்கள் பக்கத்து எல்லைக்கோட்டுக்குப் பின்னால், ஆள் உயரத்துக்கு மேலே கேமராவை வைத்துப் பதிவு செய்யுங்கள். பக்கவாட்டில் வைத்தால் பந்து தெரியும், நீங்கள் எந்தப் பக்கம் எப்போது நகர்ந்தீர்கள் என்பது தெரியாது. பிறகு உங்களிடம் வந்த ஒவ்வொரு சர்வீஸுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுங்கள். செட்டர், அதாவது அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர், நின்ற இடத்திலிருந்து எல்லா அட்டாக்கர்களுக்கும் கொடுக்க முடிந்தால் 3. நடு அட்டாக் இல்லாமல் போய் இரண்டு பக்கம் மட்டும் மிஞ்சினால் 2. ஓடிப்போய் உயரத் தூக்கிப் போட மட்டுமே முடிந்தால் 1. நேரடிப் பாயிண்ட் போனால் 0.

மதிப்பெண்ணோடு நிறுத்தக் கூடாது. 0, 1 விழுந்த ஒவ்வொரு பந்துக்கும் பக்கத்தில் காரணத்தை ஒரே சொல்லில் எழுதுங்கள். பந்து வந்தபோது கால் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் ‘கால்’. நின்றுதான் எடுத்தீர்கள், ஆனால் பந்து வேறு பக்கம் சிதறியது என்றால் ‘கை’. முதல் அடியே தவறான திசையில் வைத்திருந்தால், அல்லது பந்து வலையைத் தாண்டும் வரை அடியே வைக்காமல் நின்றிருந்தால் ‘கண்’. இரண்டு பேருக்கு நடுவில் விழுந்தால் ‘பேச்சு’. டிக்கிலும், அதாவது எதிராளி அடித்த பந்தை எடுப்பதிலும், இதே கணக்குத்தான். இரண்டு மூன்று ஆட்டங்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் ஏதாவது ஒரு சொல் மற்றவற்றைவிடத் தெளிவாக மேலே நிற்கும். அந்தச் சொல்தான் உங்களுக்கு எந்த வழி என்பதைத் தீர்மானிக்கிறது.

தனி கோச்: கைக்கும் தரைக்கும்

‘கை’ என்ற சொல் அதிகம் இருந்தால் தனி கோச்சுக்குக் கொடுக்கும் காசு வீணாகாது. முன்கைத் தளத்தின், அதாவது பந்தை வாங்கச் சேர்த்து நீட்டிய இரண்டு முன்கைகளின், கோணம் என்பது நின்று, பார்த்து, ஒவ்வொரு தொடுதலுக்கும் உடனே சொல்லித் திருத்த வேண்டிய விஷயம். பந்து இடது தோளுக்கு வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தவறாக எடுப்பவர் இரண்டு கையையும் அந்தப் பக்கம் வீசுவார். தளம் வெளிப்பக்கம் பார்த்திருப்பதால் பந்து கோர்ட்டுக்கு வெளியே போகும். சரியாக எடுப்பவர் வெளித்தோளை, அதாவது இடது தோளைத் தூக்கி, வலது தோளை இறக்கி, தளத்தின் முகத்தைச் செட்டர் பக்கம் திருப்பிவிட்டு அப்படியே நிறுத்துவார். வீச்சு கிடையாது. பந்தின் வேகமே அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். போய்ச் சேர வேண்டிய இடம், வலையிலிருந்து ஒரு மீட்டர் அளவு தள்ளி, 2ஆம் இடத்துக்கும் (முன்வரிசை வலது) 3ஆம் இடத்துக்கும் (முன்வரிசை நடு) நடுவில்.

சர்வீஸின் வகைக்கேற்பத் தளமும் மாற வேண்டும். மேல்சுழலோடு வரும் ஜம்ப் சர்வீஸ் கையில் பட்டதும் மேலேறப் பார்க்கும். அதற்குத் தளத்தின் முகத்தை வானத்தைவிட வலைப் பக்கம் அதிகம் காட்ட வேண்டும். சுழலே இல்லாத ஃப்ளோட் கடைசி இரண்டு மூன்று மீட்டரில் விலகும். அதற்குக் கையை முன்கூட்டியே பூட்டிக்கொண்டு நிற்காமல், காலை முன்னே கொண்டுபோய், பந்தை இடுப்புக்கு முன்னால் சந்திக்க வேண்டும், அல்லது தலைக்கு மேல் விரல்களால் எடுக்க வேண்டும். முதல் தொடுதலில் ஒரே முயற்சியின்போது பந்து இரண்டு இடத்தில் பட்டாலும் சர்வதேச விதி அனுமதிக்கிறது. பிடித்து எறிந்தால் மட்டுமே தவறு. இது தெரிந்தும் பயத்தால் விரலால் எடுக்காதவர்கள் ஏராளம். தனி கோச்சிடம் ஒரு மணி நேரம் விரல் ரிசீவ் மட்டுமே செய்தால் அந்தப் பயம் பெருமளவு போகும்.

தரையில் விழும் திறமைகளும் தனி கோச்சிடம்தான் கற்க வேண்டும். கூட்டத்தில் அவசரமாகக் கற்றால் தாடை கிழியும், மணிக்கட்டு போகும். வரிசை இதுதான்: முதலில் இரண்டு முட்டியும் மெத்தையில் ஊன்றியபடி, உள்ளங்கைகளை முன்னே சறுக்கவிட்டு மார்பு தரையில் படுவது. பிறகு ஒரு காலை முன்வைத்துத் தாழ்ந்த நிலையிலிருந்து அதே சறுக்கல். பிறகு ஓர் அடி ஓடி. மெத்தையை எடுத்தபின் மறுபடி முதலிலிருந்து. எந்தக் கட்டத்திலும் முகவாய் மேலே தூக்கியே இருக்க வேண்டும். இடுப்பு உயரமாக இருக்கும்போது விழுவதும், விழும்போது கையை விறைப்பாக ஊன்றுவதும்தான் காயத்துக்குக் காரணம். கடைசியாக, உள்ளங்கையைத் தரையோடு அப்பி வைத்துப் பந்தைப் புறங்கையில் வாங்கும் பான்கேக். கைக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி இருந்தால் பந்து எழாது. பந்து விழும் இடத்துக்குப் பக்கத்தில் கை இருந்தால் போதாது, பந்து விழுவதற்கு முன்பே அங்கே போய்ப் படுத்திருக்க வேண்டும்.

தனி கோச்சிங் எங்கே ஏமாற்றும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோச் வலைக்கு இந்தப் பக்கமே நின்று ஐந்து மீட்டரிலிருந்து கையால் பந்து போடுகிறார். நீங்கள் அழகாக எடுக்கிறீர்கள். பத்துக்கு ஒன்பது செட்டர் இடத்துக்குப் போகிறது. இரண்டு பேருக்கும் திருப்தி. சனிக்கிழமை ஆட்டத்தில் அதே பழைய 1, அதே பழைய 0. காரணம் எளிது. ஆட்டத்தில் வரும் சர்வீஸ் எல்லைக்கோட்டுக்கு அப்பாலிருந்து வலையைத் தாண்டி ஏறத்தாழ 16 மீட்டர் பறந்து வருகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேக ஃப்ளோட் என்றால் சுமார் ஒரு வினாடி. 100 கிலோமீட்டர் வேக ஜம்ப் சர்வீஸ் என்றால் 0.6 வினாடிக்கும் குறைவு. அந்த நேரத்துக்குள் பார்த்து, தீர்மானித்து, நகர்ந்து, நின்று எடுக்க வேண்டும். கையால் போட்ட பந்தில் இதில் எதுவுமே நடக்கவில்லை.

ஒரே பந்தை ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போடுவதிலும் இதே சிக்கல். ஒரே வேலையைத் தொடர்ந்து செய்தால் பயிற்சியின்போது முன்னேற்றம் வேகமாகத் தெரியும், ஆனால் கலந்து பழகியவர்களுக்கே பின்னால் நன்றாக நினைவில் நிற்கும் என்பதை ஷே, மார்கன் இருவரும் 1979இல் செய்த ஆய்வு காட்டியது. அது ஆய்வகத்தில் எளிய கை அசைவுகளை வைத்துச் செய்தது என்பது உண்மைதான். ஆனாலும் பின்வரிசைக்கு அதன் பாடம் பொருந்துகிறது. புதிய அசைவை முதல் பத்துப் பதினைந்து நிமிடம் ஒரே மாதிரிப் பந்தில் பழகலாம். அதற்குமேல் குட்டை, நீளம், இடது, வலது என்று கலந்துதான் வர வேண்டும்.

ஆகவே கோச்சை அமர்த்தும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் எல்லைக்கோட்டிலிருந்து சர்வீஸ் வரும்?” பாதிக்கும் குறைவு என்றால் வேறு ஆளைப் பாருங்கள், அல்லது சர்வீஸ் போட ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கோச் ஒருவரே ஒரு மணி நேரமும் முழு வேகத்தில் சர்வீஸ் போட முடியாது; தோள் தாங்காது, வேகம் இறங்கிவிடும். சர்வீஸ் மெஷின் இந்தக் குறையை ஓரளவு தீர்க்கும், ஆனால் மெஷினுக்குத் தோளும் கிடையாது, டாஸும் (சர்வீஸுக்குப் பந்தை மேலே எறிவது) கிடையாது. பந்து வந்தபிறகு பார்க்கும் பழக்கத்தைத்தான் அது வளர்க்கும். எண்ணிக்கைக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

சிறு குழு: எங்கள் முதல் பரிந்துரை

‘கால்’, ‘கண்’, ‘பேச்சு’ மூன்றுக்கும் நான்கு பேர் சேர்ந்த குழுவே தனி கோச்சைவிட மேல். ஒருவர் தலையில் விழும் செலவு நான்கில் ஒன்று என்பது இரண்டாவது காரணம்தான். உண்மையான ஆள், உண்மையான டாஸ், உண்மையான தூரத்திலிருந்து சர்வீஸ் போடுவதுதான் முதல் காரணம். எதிரே நிற்பவரின் டாஸ் தலைக்கு முன்னால் போகிறதா, தலைக்கு மேல் நிற்கிறதா, இடுப்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கை பந்தைத் தட்டி நிற்கிறதா முழுதாக வீசப்படுகிறதா என்பதையெல்லாம் மெஷினும் கையால் போடும் கோச்சும் கொடுக்கவே முடியாது.

நடத்தும் விதம்: இருவர் சர்வீஸ், இருவர் ரிசீவ், கோச் செட்டர் இடத்தில். பதினைந்து வினாடிக்கு ஒரு சர்வீஸ் என்றால் நிமிடத்துக்கு நான்கு. நாற்பது நிமிடத்தில் 160 பந்து. பாதி நேரம் ரிசீவ் என்பதால் ஒருவருக்கு ஏறத்தாழ 40 ரிசீவ் கிடைக்கும். தனியாக ஒரு மணி நேரத்தில் இருநூறு பந்து தொடலாமே என்று தோன்றும். தொடலாம். ஆனால் இந்த நாற்பதும் ஆட்டத்தில் வருவது போன்ற நாற்பது. போதாதற்கு, மற்றப் பாதி நேரத்தில் இன்னொரு நாற்பது பந்து நீங்கள் சர்வீஸ் போட்டவை. எந்தச் சர்வீஸ் எதிராளியைத் திணறடிக்கிறது என்பதை அங்கே கற்கிறீர்கள், ரிசீவில் அது திரும்பி உதவுகிறது.

நடுப்பந்து யாருடையது என்பதும் குழுவில்தான் பழகும். ஆட்கள் மாறும்போது பழக்கத்தில் இருக்க வேண்டிய ஏற்பாடு சுருக்கமாக இருக்கட்டும்: குட்டையான பந்துக்கு ஒருவர், ஆழமான பந்துக்கு மற்றவர் என்று சர்வீஸுக்கு முன்பே முடிவு செய்துகொள்வது, பந்து வலையைத் தாண்டும் முன் “எனக்கு” என்று குரல் கொடுப்பது, எடுக்காதவர் எடுப்பவரின் பின்னால் திரும்பி நிற்பது. பந்து வந்து சேர்ந்த பிறகு வரும் குரலால் யாருக்கும் பயனில்லை.

குழு எங்கே கெடும்? திறமை வித்தியாசம் அதிகமானால் கெடும். சர்வீஸ் பாதி வலையில் விழுந்தால் ரிசீவ் செய்பவர் சும்மா நிற்பார். ஆறு பேரைச் சேர்த்தால் வரிசையில் நிற்கும் நேரம் கூடும். நான்குக்கு மேல் போகாதீர்கள். நண்பர்கள் என்பதால் எளிதான சர்வீஸ் போடுவது இன்னொரு நோய். அதற்கு மருந்து, எண்ணிக்கை வைத்து ஆடுவது: ரிசீவ் 3 என்றால் எடுத்தவருக்கு ஒரு பாயிண்ட், 0 அல்லது 1 என்றால் சர்வீஸ் போட்டவருக்கு ஒன்று, 2க்கு யாருக்கும் இல்லை. பத்து பாயிண்ட் ஆட்டம். விட்டுக்கொடுக்கும் நட்பு அதோடு காணாமல் போகும்.

டிக் மட்டும் வேறு கதை

ஸ்பைக் எடுப்பதற்குத் தனி கோச்சோ சிறு குழுவோ போதாது. வலையருகே அடித்த பந்து மணிக்கு 80 கிலோமீட்டரில் ஏழு மீட்டர் கடக்க 0.3 வினாடிதான் எடுக்கும். கண் பார்த்து உடல் அசைய ஆரம்பிக்கவே 0.2 வினாடி போய்விடும். அடித்த பிறகு நகர நேரமே இல்லை. அடிப்பதற்கு முன்பே சரியான இடத்தில் நின்றிருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த இடத்தைத் தீர்மானிப்பது மூன்று விஷயங்கள்: செட் எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே வந்தது, அட்டாக்கரின் ஓட்டமும் தோளும் எந்தக் கோணத்தில், நம் பிளாக் (வலையருகே எம்பிக் கையால் தடுப்பது) எதை மறைத்தது.

எதிராளியின் இடதுபக்க அட்டாக்கர் அடிக்கிறார் என்றால் நேர்க்கோட்டில் 1ஆம் இடத்தவரும் (பின்வரிசை வலது), குறுக்கே 5ஆம் இடத்தவரும் (பின்வரிசை இடது), ஆழத்தில் 6ஆம் இடத்தவரும் (பின்வரிசை நடு) நிற்பார்கள். நம் பிளாக் நேர்க்கோட்டை அடைத்துவிட்டால் 1ஆம் இடத்தவர் பிளாக்குக்குப் பின்னால் விழும் டிப்புக்கு, அதாவது மெல்லத் தட்டிவிடும் பந்துக்கு, தயாராகலாம். பிளாக் இல்லாத பயிற்சியில் இந்தக் கணக்கை எப்படிப் போடுவது? பெட்டி மேல் ஏறி நின்று கோச் அடித்தாலும் ஓட்டம் இல்லை, செட் இல்லை, பிளாக் இல்லை. கை தைரியமாகும், பந்துக்குப் பயம் போகும், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள்.

ஆகவே டிக்குக்குச் சிறந்த வழி டீம் பயிற்சிக்குள்ளேயே இருக்கிறது. டீம் கோச்சிடம் வாரம் இரண்டு முறை இருபது நிமிடம் கேளுங்கள்: ஒரு செட்டர், ஒரு அட்டாக்கர், ஒன்று அல்லது இரண்டு பிளாக்கர், பின்வரிசையில் மூன்று பேர். செலவு எதுவும் இல்லை. முன்வரிசைக்காரர்களுக்கும் அது பயிற்சி என்பதால் பெரும்பாலான கோச்சுகள் மறுக்க மாட்டார்கள்.

வீடியோ அலசல்

‘கண்’ அதிகம் விழுந்தவர்களுக்கு, செலவைப் பார்த்தால், இதைவிட மேலான வழி இல்லை. ஆனால் முழு ஆட்டத்தையும் அனுப்பக் கூடாது. உங்கள் தொடுதல்களை மட்டும், ஒவ்வொன்றும் எதிராளி பந்தைத் தொடுவதற்கு மூன்று வினாடி முன்னாலிருந்து தொடங்குமாறு வெட்டி, முப்பது துண்டாக அனுப்புங்கள். அலசுபவர் எதிராளி பந்தைத் தட்டும் நொடியில் படத்தை நிறுத்தி “இப்போது எங்கே வரும்?” என்று கேட்க வேண்டும். நீங்கள் பதில் சொன்ன பிறகுதான் மீதி ஓட வேண்டும். அவரே பேசிக்கொண்டு போனால் அது விளக்கவுரை, பயிற்சி ஆகாது. நிறுத்திய படத்தில் இன்னொன்றும் தெரியும்: எதிராளி பந்தைத் தட்டும்போது உங்கள் கால்கள் இரண்டும் தரையில், எடை முன்பாதத்தில் இருக்கிறதா, இல்லை இன்னும் நடந்துகொண்டிருக்கிறீர்களா என்று. கை கோணத்தை மட்டும் வீடியோவால் திருத்த முடியாது. என்ன தவறு என்று காட்டும், சரியான உணர்வைக் கொடுக்காது.

முகாம்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிறையப் பந்து, நிறைய ஆட்கள், பழக்கமில்லாத சர்வீஸ்கள் கிடைக்கும். அது நல்லது. ஆனால் மூன்றாம் நாள் களைப்பில் பழைய தவறுகளே திரும்பும், அவற்றைக் கவனிக்க யாருக்கும் நேரம் இருக்காது. தவறைத் திருத்திய பிறகு போங்கள், திருத்துவதற்காகப் போகாதீர்கள். சுவரில் அடித்து எடுப்பது கையைச் சூடாக்கவும் விரல் செட்டைப் பழகவும் உதவும். சர்வீஸ் ரிசீவுக்கு மாற்றாகாது.

லிபரோவா, மாற்று ஆட்டக்காரரா?

எந்த வழியை எடுத்தாலும் அதில் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது நீங்கள் எந்தப் பொறுப்பில் ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சர்வதேச விதிப்படி லிபரோ சர்வீஸ் போடக் கூடாது, பிளாக் செய்யக் கூடாது, வலையின் மேல்விளிம்பைவிட உயரத்தில் முழுதாக இருக்கும் பந்தை எதிர்ப்பக்கம் அனுப்பக் கூடாது. மூன்று மீட்டர் கோட்டுக்கு முன்னால் நின்று விரலால் செட் கொடுத்தால் அந்தப் பந்தை வலைக்கு மேலே அட்டாக் செய்ய முடியாது. ஆகவே செட்டர் முதல் பந்தை எடுத்துவிட்ட நேரங்களில், கோட்டுக்குப் பின்னாலிருந்து எம்பி, முன்னால் பறந்தபடி விரலால் செட் கொடுப்பது லிபரோவுக்குப் பெரிய ஆயுதம். தனி கோச்சிடம் கேட்டு வாங்க வேண்டிய திறமைகளில் இது முதன்மையானது.

லிபரோ அல்லாமல் சாதாரண மாற்றாக உள்ளே வருபவரின் நிலை வேறு. சர்வதேச விதியில் ஒரு செட்டுக்கு ஆறு மாற்றங்கள்தான். நீங்கள் உள்ளே வருவது ஒன்று, வெளியே போவது இன்னொன்று. அந்தச் செட்டில் மறுபடி வர முடியாது. அந்த ஒரு சுற்றுக்காக இரண்டு மாற்றத்தைச் செலவு செய்யும் கோச், நீங்கள் சர்வீஸிலும் ஏதாவது செய்வீர்கள் என்று எதிர்பார்ப்பார். பெரும்பாலும் சர்வீஸ் போடத்தான் உள்ளே வருவீர்கள். ஆகவே பயிற்சி நேரத்தில் மூன்றில் ஒரு பங்காவது சர்வீஸுக்குப் போக வேண்டும். அமெரிக்கப் பள்ளி, கல்லூரி விதிகளில் மாற்றங்கள் அதிகம், லிபரோவும் ஒரு சுழற்சியில் சர்வீஸ் போடலாம்; அங்கே ஆடுபவர் இரண்டு வகையானாலும் சர்வீஸைப் பழக வேண்டும்.

பதின்மூன்று பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பின்வரிசைக்கென்று தனி கோச் வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. உயரம் எப்படி வளரும் என்று அப்போது தெரியாது. அந்த வயதில் அடிக்கவும் செட் கொடுக்கவும் கற்ற பிள்ளை பின்னாளில் அட்டாக்கரின் தோளைப் படிப்பது எளிது.

எட்டு மணி நேரம் இருந்தால்

ஆறு வாரத்தில் எட்டு மணி நேரத்துக்குத்தான் காசு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘கை’ அதிகமானவர் முதல் இரண்டு வாரத்தில் மூன்று மணி நேரம் தனி கோச், பிறகு நான்கு மணி நேரம் சிறு குழு, கடைசியில் ஒரு மணி நேரம் வீடியோ. ‘கண்’ அதிகமானவர் வீடியோவில் தொடங்கி இரண்டு மணி நேரம் கொடுத்து, மீதி ஆறையும் குழுவில் போடலாம். தனி கோச் தேவையில்லை. ‘கால்’ என்றால் ஒரு மணி நேரம் தனி கோச்சிடம் தொடக்க நிலையையும் முதல் அடியையும் சரிசெய்துகொண்டு மீதி குழுவுக்கு. ‘பேச்சு’ என்றால் உங்கள் பக்கத்தில் ஆட்டத்தில் நிற்கும் அதே ஆளைக் குழுவுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அந்நியரோடு பழகிய ஏற்பாடு ஆட்டத்தில் உதவாது.

ஆறாவது வாரம் முடிந்ததும் முன்பு செய்தது போலவே, அதே இடத்தில் கேமராவை வைத்து, அதே அளவு வலுவான எதிராளியோடு ஆடிய இரண்டு மூன்று ஆட்டங்களுக்கு மதிப்பெண் போடுங்கள். ஒரே ஆட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். சர்வீஸ் பலமான ஒரு டீம் யாருடைய கணக்கையும் இறக்கிவிடும். சராசரி ஏறவில்லை, ஆனால் காரணச் சொல் ‘கை’யிலிருந்து ‘கண்’ணுக்கு மாறியிருக்கிறது என்றால் பயிற்சி வேலை செய்திருக்கிறது, அடுத்த எட்டு மணி நேரத்தின் பங்கீட்டை மட்டும் மாற்றினால் போதும். சராசரியும் ஏறவில்லை, சொல்லும் மாறவில்லை என்றால் கோச்சை மாற்றுங்கள்.